தட்டு முடிந்தால்தான் அடுத்த கிளாஸ்

1

ஊரில் இருக்கிறவர்களுக்கு யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். ஊர்காவற்றுறை ஜெசிந்தா கனடாவில் சாராயக்கடை வைத்திருக்கிறாளாம், ஒரு பொம்பிளை, அதுவும் கோயிலில் பூசைக்குப் பாடின பிள்ளை என்று. கேள்விப்படாத ஆட்கள் மிச்சம் இருந்தால் நானே சொல்லிவிடுகிறேன். ஓம், வைத்திருக்கிறேன். இந்தக் கிழமையோடு கடை எங்கள் கைக்கு வந்து எட்டு வருசம்.

ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் ஸ்ரீற்கார் ஓடுகிற ஒரு தெரு. ஒரு பக்கம் காசு போட்டு உடுப்புத் தோய்க்கிற கடை, மற்றப் பக்கம் பல் டொக்டர். நடுவில் வெயிலுக்கு வெளிறின பச்சைக் கதவு. அதுதான் எங்கள் கடை. உள்ளே ஒரு நீட்டுக் கவுண்டர், உயரமான ஸ்ரூல்கள், சுவரோரம் நாலு மேசை. பூச்சாடியும் இல்லை, பாட்டுக்காரனும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் வேலை முடிந்து வருகிற தபால்காரி, ஆசுப்பத்திரி நேர்ஸ்மார், பென்சன் எடுத்த ஸ்ரீற்கார் டிரைவர் இப்படியான ஆட்கள் வந்து இருப்பார்கள். மத்தியானம் சாய நாலு மணிக்கு லூர்திஸ் வருவா. போர்த்துக்கல்காரி, புருசன் செத்த மனிசி. கவுண்டரின் கடைசி ஸ்ரூல் அவவுடையது. கைப்பையைப் பக்கத்து ஸ்ரூலில் வைத்துவிட்டு, அரைக் கிளாஸ் வைனோடு ஆறு மணிவரை ஊர் வம்பு விண்ணாணம் கேட்பா.

நாங்கள் விற்கிற சாப்பாட்டுக்குத் தபாஸ் என்று பெயர். குடிக்கிற ஆட்களுக்கு ஸ்பெயின்காரர் சின்னத் தட்டில் வைக்கிற சாப்பாடு. பொரித்த கணவாய், உள்ளியில் வதக்கின றால், உருளைக்கிழங்கு போட்டுத் தடிப்பாய்ச் சுட்ட முட்டை, கீரையும் கடலையும். எங்கள் ஆம்பிளையளுக்கு ஒரே சொல்லில் விளங்கவைத்துவிடலாம்: பைற்ஸ்.

2

நான் அந்தக் கடைக்குப் போனது தட்டுக் கழுவ. கடை மனுவேல் என்ற ஸ்பெயின்காரருடையது. அவரின் சமையல்காரன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். கவுண்டர் நிறைய ஆட்கள். மனுவேல் என்னைப் பார்த்தார், நான் அடுப்பைப் பார்த்தேன். அன்றைக்கு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவள்தான்.

சமையல் கஷ்டமாக இருக்கவில்லை. உள்ளியும் எண்ணெயும் மீனும் எங்களுக்குப் புதிதா? கஷ்டம் தட்டில்தான் இருந்தது. ஒரு ஆளுக்கு நாலு றால் என்று மனுவேல் காட்டித் தந்தார். நாலு றாலை ஒரு மனிசனுக்கு முன்னால் எப்படிக் கொண்டுபோய் வைக்கிறது? எனக்குக் கை கூசியது. ஒன்பது, பத்து வைத்தேன். மனுவேல் தலையில் கை வைத்தார். "சின்னது, ஜெசி, சின்னது!" என்று கத்துவார். கடைசியில் என் கையைத் திருத்த முடியாமல் கடைக்குப் போய் இன்னும் சின்னத் தட்டுகளாய் வாங்கி வந்தார். நான் அதிலேயே குவித்து வைத்தேன். இப்போதும் அப்படித்தான். எங்கள் கடையில் றால் தட்டை விட்டு உருண்டு விழாவிட்டால் சுகமில்லையோ என்று சனம் கேட்கும்.

அவரிடமிருந்து ஒரு வழக்கம் எடுத்தேன். ஒவ்வொரு கிளாசோடும் ஒரு தட்டுக் கட்டாயம் வரும், அதற்குத் தனிக்காசு இல்லை. நான் அதோடு என்னுடைய வழக்கம் ஒன்றைச் சேர்த்தேன். தட்டு முடிந்தால்தான் அடுத்த கிளாஸ். சாப்பிடாமல் கிளாசை நீட்டினால் நான் தட்டைப் பார்ப்பேன். வெறும் வயிற்றில் குடித்த ஆம்பிளையள் வீடு வந்து என்ன செய்வார்கள் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டில் அதுதான் பின்னேரப் பாட்டு. இந்தச் சட்டத்தை முதல் கேட்டவுடன் ஸ்ரீற்கார் டிரைவருக்குக் கோபம் வந்து எழும்பிப் போனார். அடுத்த நாள் திரும்பி வந்து தட்டை வழித்துத் துடைத்துக் காட்டினார். இப்போது புதிதாக ஆராவது வந்து கிளாசை நீட்டினால், நான் வாய் திறக்க முதல் கவுண்டரே சொல்லும்.

முழங்கால் நோவோடு மனுவேல் ஸ்பெயினில் இருக்கிற தமக்கையிடம் திரும்பிப் போகிறேன் என்றபோது, கடையை நாங்கள் எடுத்தோம். என் மனிசன் அன்ரன் மிசிசாகா எயார்போட்டில் சாமான் ஏற்றுகிற வேலை. அவருக்குக் கடை ஆசை கிடையாது, என் ஆசைக்குத் தலையாட்டினார். பத்திரங்கள் செய்ய ஒரு தமிழ்த் தம்பியிடம் போனோம். அவர் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, லிக்கர் லைசன்ஸ் எல்லே. அண்ணையின்ரை பேரிலை எடுப்பமோ? நாளைக்கு ஆரும் கதைக்கக்கூடாது."

"ஏன் தம்பி, அண்ணைக்குக் கணவாய் துப்புரவாக்கத் தெரியுமோ?"

அன்ரன் சிரித்துவிட்டார். லைசன்ஸ் என் பேரில் வந்தது. அதற்கு முதல் ஒரு வகுப்பும் எடுக்கவேண்டும். வெறிகூடின ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று ஒரு வெள்ளைக்காரப் பெடியன் படம் போட்டு விளங்கப்படுத்தினான். பாவம். படலை திறக்கிற சத்தத்திலேயே சொல்லிவிடுவேன் என்று அவனுக்கு எப்படிச் சொல்ல? இங்கிலிசும் வரவில்லை, படலையும் இங்கே இல்லை. பிறகு லைசன்ஸ் கந்தோரில் இருந்து ஒரு பெண் போன் எடுத்தா. ஸ்பானிஷ் சாப்பாடு என்று எழுதியிருக்கிறியள், நீங்கள் ஸ்பெயினா என்று கேட்டா. இல்லை என்றேன். அப்போ ஏன் ஸ்பானிஷ் என்று கேட்டா. "நீங்கள் சைனாவிலை பிறந்தோ நூடில்ஸ் சாப்பிடுறியள்?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் கேட்டேன். அதோடு போனை வைத்துவிட்டா. பிறகு அனுமதி வந்தது.

3

எங்கள் ஆட்கள் கடைக்கு வருவதில்லை. ஒரேயொரு தமிழ் மனிசன் ஒருமுறை கதவைத் திறந்து உள்ளே வந்தார். கவுண்டருக்குப் பின்னால் பொட்டு இல்லாமல் சங்கிலியில் குருசோடு நான் நிற்கிறதைக் கண்டதும், "சொறி அக்கா, பல் டொக்டரிட்டை வந்தனான்" என்று சொல்லிவிட்டு வெளியே பாய்ந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பல் டொக்டர் பூட்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆட்கள் குடிக்காத ஆட்கள் என்று ஊரில் யாரும் நினைத்துவிடக்கூடாது. இங்கே ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சாமத்தியவீட்டுக்கும் ஒரு பார் திறக்கும். அது கராஜில் திறக்கும். ஹோலில் விழா என்றால் பார்க்கிங்கில், காரின் டிக்கிக்குள் திறக்கும். பனி கொட்டும், கோட்டும் சூட்டும் போட்ட மனிசர் டிக்கியைச் சுற்றி நின்று பிளாஸ்ரிக் கப்பில் குடிப்பார்கள். உள்ளே மேடையில் பிள்ளை கேக் வெட்டும், தகப்பன் டிக்கியில் நிற்பார்.

பொம்பிளையளின் வேலை பொரிக்கிறது. ஆட்டிறைச்சிப் பிரட்டல், கணவாய்ப் பொரியல், கடலை, முட்டை. ஃபொயில் தட்டில் போட்டுக் கராஜ் கதவு வரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். உள்ளே போகக்கூடாது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவும் கூடாது. தட்டு வெறுமையாய்த் திரும்பி வரும். திரும்பப் பொரிக்கவேண்டும். நாங்கள் சாப்பிட இருக்கும்போது அடியில் கிடக்கிற கரியும் ஆறின எண்ணெயும்தான் மிச்சம். ஊரிலும் இதேதான், கராஜுக்குப் பதில் வீட்டின் பின்கோடி. எத்தனையோ விசயத்தை விட்டுவிட்டு வந்தோம். இதை மட்டும் ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம், கெட்டிக்காரர்!

தபாஸ் என்ற சொல்லு தெரிய முதலே இருபது வருசம் நான் தபாஸ் செய்திருக்கிறேன். அதே கை, அதே கணவாய். கதவுக்குள் போகாமல் பொரித்து அனுப்பினால் குடும்பப் பொம்பிளை. லைசன்ஸ் எடுத்து, வரி கட்டி, வெளிச்சத்தில் வைத்து விற்றால் சாராயக்காரி. எனக்கு இது விளங்கவில்லை, விளங்கப் போவதும் இல்லை.

4

இனி இந்தக் கிழமை நடந்ததுக்கு வருகிறேன்.

எங்களுக்கு மெலனி ஒரே பிள்ளை. மிசிசாகாவில் ஒரு கந்தோரில் வேலை. பிரணவன் என்ற பெடியனை விரும்பினாள். தங்கமான பிள்ளை. தாய் தகப்பன் யூனியன்வில்லில் பெரிய வீடு. அவர்கள் சைவம், நாங்கள் வேதம், கத்தோலிக்கர். அதில்தான் இழுபறி வரப்போகிறது என்று நான் செபமாலையும் கையுமாக இருந்தேன். ஒன்றும் வரவில்லை. காலமை சேர்ச், அடுத்த நாள் தாலி, பிறகு ஒரு ரிசெப்சன் என்று போனிலேயே முடிந்துவிட்டது. போன ஞாயிறு நேரில் கதைக்கப் போனோம்.

தகப்பன் பாலா அண்ணை கலகலப்பான மனிசன். தேத்தண்ணி குடித்துக் கால்மணித்தியாலம் ஆகவில்லை, "அன்ரன், வாருமன், கராஜிலை புது சினோ மெசின் வாங்கினனான், காட்டுறன்" என்று எழும்பினார். பனி முடிந்த சித்திரை மாதத்தில், பனி தள்ளுகிற மெசின்! அன்ரன் என்னைப் பார்த்தார். போங்கோ என்று கண்ணைக் காட்டினேன். பிள்ளைகள் இரண்டு பேரும் மேல்மாடியில் ஹோல்களின் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாந்தி அக்கா, பெடியனின் தாய், என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனா. அடுப்பில் சட்டி, பக்கத்தில் பிரட்டி வைத்த கணவாய். என்னை ஒரு கதிரையில் இருத்திவிட்டுப் பொரிக்கத் தொடங்கினா.

"ஜெசி, ஒண்டு கேக்கவேணும், குறை நினைக்கக்கூடாது. மெலனி எங்களுக்குச் சொன்னவ, அம்மா கேற்றரிங் செய்யிறா எண்டு."

கையில் இருந்த கப்பைக் கீழே வைத்தேன். கேற்றரிங்கா?

"பிறகு என்ரை மருமேள் ஒருத்தி சொல்லுறாள், அது கேற்றரிங் இல்லை, டவுண்ரவுணிலை பார் எண்டு. நான் நம்பேல்லை. உண்மையோ?"

"உண்மைதான் அக்கா. பார்தான்."

சாந்தி அக்கா கணவாயைத் திருப்பிப் போட்டா. "உங்களைப் பிழை சொல்லேல்லை. ஆனா எங்கடை சனத்தைத் தெரியும்தானே. ரிசெப்சனிலை பொம்பிளையின்ரை தாய் தகப்பன் எண்டு மேடைக்குக் கூப்பிடேக்கை ஆரும் குசுகுசுக்கக்கூடாது. அதுக்கு முதல் ஆருக்கும் குடுத்துவிடுங்கோவன். உங்களுக்கும் வயசு போகுது, ஏன் உந்தக் கரைச்சல்?"

சொல்லிக்கொண்டே பொரித்ததை ஃபொயில் தட்டில் கொட்டினா. "ஒருக்கா இதைக் கராஜ் கதவடியிலை வைச்சிட்டு வாறன்" என்று போனா. ஒரு துண்டுகூடத் தன் வாயில் போடவில்லை. எனக்கு வந்த சிரிப்பை அடக்கினேன். அந்த மனிசி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் மேல்மாடியில் இருந்தவள் மேல்தான்.

5

மில்லிக்கனில் எங்கள் வீடு. யூனியன்வில்லில் இருந்து கிட்டத்தான். வீட்டு வாசலில் கார் நின்றதும் கேட்டேன்.

"எப்ப தொடக்கம் நான் கேற்றரிங்?"

மெலனி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "ஹை ஸ்கூல்லை இருந்து."

"ஏன் பிள்ளை?"

"அம்மா, தமிழ் ஃபிரண்ட்ஸின்ரை மம்மாக்கள் கேப்பினம். பார் எண்டா அவையின்ரை ஃபேஸ் மாறும். யூ டோன்ற் நோ. கேற்றரிங் எண்டா ஓகே. அது அப்பிடியே போயிற்றுது. ஐ ஆம் சொறி."

"உனக்கு நான் ஆர் எண்டு சொல்ல வெக்கம்."

"வெக்கம் இல்லை, அம்மா. இற்ஸ்... கொம்ப்ளிகேற்றட்."

நெஞ்சு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது? ஊரில் ஆர் என்ன சொன்னாலும் தூசு தட்டுகிற மாதிரித் தட்டிவிடுகிறவள் நான். அவளைப் பெற்று, பள்ளிக்கூடத்தால் வந்தவளைக் கவுண்டர் மூலையில் இருத்தி முட்டையும் கிழங்கும் கொடுத்து வளர்த்தேன். லூர்திஸ் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தா. அந்த மூலையைக் கேற்றரிங் என்று சொல்லி மூடிவிட்டாளே. வேலை கிடைத்த பிறகு அவள் கடைப்பக்கம் வருவதே குறைவு. மிசிசாகா தூரம், ட்ராஃபிக் என்பாள். ட்ராஃபிக் என்று நானும் நம்பியிருந்தேன்.

"கேள்," என்றேன். "உன்ரை கலியாணம் நடக்கவேணும். பிரணவன் நல்ல பெடியன். ஆனா கடையை விக்கமாட்டன். கேற்றரிங் எண்டு மேடையிலை ஏறவும் மாட்டன். பார்காரி எண்டு கூப்பிட்டா ஏறுறன், இல்லாட்டி பின் மேசையிலை இருந்து சாப்பிட்டிட்டு வாறன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவையைக் கடைக்கு வரச்சொல்லு. பாத்திட்டு முடிவு சொல்லட்டும்."

"அம்மா, ஃபிரைடே பிஸி. ஃபுல்லா ஆக்கள் இருப்பினம்."

"அதுதான் வெள்ளிக்கிழமை எண்டனான்."

அன்ரன் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி, "கொம்மா சொல்லுறது சரி பிள்ளை" என்றார். அவர் வருசத்துக்கு ஒருதரம் இப்படி ஒரு வசனம் சொல்லுவார். இந்த வருசத்துக்கு அதுதான்.

இரவு படுக்கையில் எனக்குப் பயம் வந்தது. வீம்புக்குப் பிள்ளையின் வாழ்க்கையைக் குழப்புகிறேனோ என்று. மாதாவே, நீதான் பார்த்துக்கொள் என்றுவிட்டுப் படுத்தேன். வெள்ளிக்கிழமையை மாற்றவில்லை.

6

ஐந்தரைக்கு வந்தார்கள். கடை நிறைய ஆட்கள். பாலா அண்ணை கதவடியில் நின்று முதலில் ஆர் ஆர் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டம் விட்டார். தமிழ் முகம் இல்லை என்று கண்டதும் தோள் கொஞ்சம் இறங்கியது. சாந்தி அக்கா பட்டுச் சேலை. லூர்திஸ் அவவை மேலும் கீழும் பார்த்தா. பிறகு தன் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வெறுமையான ஸ்ரூலை உள்ளங்கையால் தட்டிக் காட்டினா. எட்டு வருசத்தில் அந்தப் பை ஆருக்காகவும் ஸ்ரூலை விட்டு எழும்பி நான் கண்டதில்லை.

சாந்தி அக்கா சேலையைச் சேர்த்துப் பிடித்து ஏறி இருந்தா. பக்கத்தில் பாலா அண்ணை. அன்ரனும் பிரணவனும் பின்னால் மேசையில். மெலனியைக் காணவில்லை. மிசிசாகாவில் இருந்து வந்துகொண்டிருக்கிறாளாம்.

சாந்தி அக்காவுக்குத் தோடம்பழச் சாறு, பாலா அண்ணைக்கு வைன். இரண்டு பேருக்கும் அடுப்பால் இறக்கின கணவாய். வழமைபோலக் குவித்துத்தான் வைத்தேன். சாந்தி அக்கா தட்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகு சுற்றிவர இருந்த பொம்பிளையளைப் பார்த்தா. நேர்ஸ்மார் இரண்டு பேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு றால் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். சாந்தி அக்கா ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தா. சுட்டுவிட்டது. வாயைத் திறந்து ஊதினா. சூடு பழக்கமில்லாத வாய், பாவம். விடவில்லை, அடுத்ததையும் எடுத்தா.

பாலா அண்ணை கிளாசை ஒரே மடக்கில் முடித்தார். டிக்கியடியில் பழகின ஆட்கள் எல்லாரும் அப்படித்தான், ஆரோ வருகிற மாதிரிக் குடிப்பார்கள். தட்டைத் தொடவில்லை. வெறும் கிளாசை என் பக்கம் நீட்டினார்.

"தங்கச்சி, இன்னொண்டு விடுங்கோ."

கவுண்டர் அடங்கிவிட்டது. தமிழ் விளங்காத சனம்தான், ஆனால் நீட்டின கிளாசும் நிறைந்த தட்டும் எல்லாருக்கும் விளங்கும். ஸ்ரீற்கார் டிரைவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன் என்று பார்க்கிறார். இவர் சம்பந்தி. வீட்டுக்கு வந்த மனிசன். ஒரு கிளாசுக்கு முகம் கறுத்து எழும்பினால் பிள்ளையின் கலியாணம் என்னாகும்?

இவ்வளவு வீரம் கதைத்த நான் போத்திலை எடுத்தேன். மூடியையும் திறந்துவிட்டேன்.

பின்னால் இருந்து ஒரு கை வந்து போத்திலைப் பிடித்தது. மெலனி. கந்தோர் உடுப்பு, கழுத்தில் வேலை அடையாள அட்டை, தோளில் பை. எப்போது கவுண்டருக்குள் வந்தாளோ தெரியாது. போத்திலை என் கையில் இருந்து மெதுவாய் வாங்கி, மூடியைப் பூட்டி, கீழே வைத்தாள்.

"அங்கிள்," என்றாள், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. "இது அம்மான்ரை பார். இங்கை பிளேற் முடிஞ்சாத்தான் அடுத்த கிளாஸ்."

பாலா அண்ணை நீட்டின கையோடு உதவிக்குத் திரும்பி மனிசியைப் பார்த்தார். சாந்தி அக்கா வாய் நிறையக் கணவாய்.

"அவள் சொல்லுறது கேக்கேல்லையே?" என்றா. "சூடாற முதல் சாப்பிடுங்கோ."

அவர் கிளாசை வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.